முடி கட்டிய தூண்டில்

கடல் உள்வாங்கும் வற்றம் தொடங்கி அடையாற்றுத் தண்ணீர் முழுக்கக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ரகுபதி வீசிய மஞ்சள் தூண்டில் லைன் மட்டும் எதிர்ப்பக்கம், ஆற்றுக்குள்ளே மெல்ல நகர்ந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். காற்றே இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

உடைந்த பாலத்துக்குக் கீழே முட்டியளவு தண்ணீரில் நின்றிருந்தான். தரமணி அலுவலகத்திலிருந்து நழுவி இங்கே ஓடிவரும் அளவுக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம். உயிருள்ள இரை கிடையாது. முள்ளில் இறகும் முடியும் கட்டி, குட்டிமீன்போல நீந்தவைக்கும் பொய் இரைதான் ஃப்ளை. அதில் ஒரு கொடுவா மீன் மாட்டிவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக அலைகிறான். கொடுவா அவனைச் சட்டை செய்வதாயில்லை.

ஃப்ளை கட்ட வரவழைத்த மான்முடிப் பார்சல் வந்து சேரவில்லை. காலையில் மகள் ஸ்நேஹாவுக்குப் பின்னல் போடும்போது சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்ததும் கை பரபரத்தது. வீட்டில் பின்னல் அவன் வேலை. இழுத்துப் பின்னப் பின்ன அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கனம் முழுவதையும் அவன் கையில் போட்டுவிட்டு அரைத்தூக்கம் போடுவாள். உதிர்ந்த முடியைச் சுருட்டி, தூ என்று துப்பித்தான் போட வேண்டும் என்று மனைவி ஸ்வர்ணலதா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ரகுபதி சுருட்டினான். துப்பவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பக்கத்தில் வீச்சுவலை உதறிக்கொண்டிருந்த நந்தகுமார், லைனின் நுனியில் கறுப்பாக ஏதோ மிதப்பதைப் பார்த்தான்.

"இன்னா சார் அது, புச்சா கீது?"

"முடி. என் பொண்ணோடது."

வலை உதறும் சத்தம் நின்றது. "பச்சப்புள்ள முடியையா தண்ணில உட்ட?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் வலையைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு கரையேறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

எதிர்க்கரையில் பட்டினப்பாக்கத்து விளக்குகள் ஒன்றிரண்டாக எரியத் தொடங்க, சேற்றிலிருந்து அழுகலும் உப்பும் கலந்த வாடை கிளம்பி மூக்கில் அப்பிக்கொண்டது. பாலத்தடியில் இத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த நாரைகள் சொல்லிவைத்தாற்போல அடங்கின. தூண்களில் தண்ணீர் மோதும் சத்தம்கூட யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றுபோனது.

லைன் இறுகியது.

கொடுவா. கையால் லைனை இழுத்தான். அப்போதுதான் காதிலிருந்த இயர்போனில் அழைப்பு வந்தது.

"என்னங்க, ஸ்நேஹா தலை வலிக்குதுன்னு அழுதுக்கிட்டே இருக்கா. யாரோ முடியப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்காம்."

பழக்கதோஷத்தில் இன்னொரு முழம் இழுத்தான்.

காதுக்குள் குழந்தை வீரிட்டாள்.

இழுப்பதை நிறுத்தினான். அப்படியே நின்றான். அங்கே அழுகை தேய்ந்து விசும்பலானது. தண்ணீருக்குள் இருந்தது, அது, ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. மறுபடி அலறல்.

கழுத்தில் கத்தரி தொங்கியது. அறுத்துவிடலாம். அறுத்தால் முடி அதனிடமே போய்விடும். ஐயோ, என் பிள்ளை. கத்தரியைத் தொட்டான். அறுக்கவில்லை. பிடியைத் தளர்த்தினான். கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

லைன் தொய்ந்தது.

"வலி நின்னுடுச்சாம்," என்றாள் ஸ்வர்ணலதா. "படுத்துட்டா, பாவம்."

ரகுபதிக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. லைனை மெதுவாக, வலிக்காமல் சேர்த்தான். கனமே இல்லை. ஃப்ளை மேலே வந்தது.

அவன் கட்டியது விரல்நீள முடி. இது நீண்டது. இழுக்க இழுக்க வந்தது. ஈரமாக, கருகருவென்று, மூன்று பிரியாக. பின்னல். நுனியில் சிவப்பு ரிப்பன். காலையில் அவன் போட்ட அதே முடிச்சு.

"ஸ்வர்ணா. அவளைப் போய்ப் பாரு."

செருப்புச் சத்தம். கதவு.

"இங்கதாங்க இருக்கா. இழுத்துப் போர்த்திக்கிட்டு." செருப்புச் சத்தம் கட்டிலருகே போய் நின்றது. "ஏங்க, தலைகாணி ஏன் இப்படி நனைஞ்சிருக்கு? ஒரே சேத்து வாடை."

போர்வையை விலக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

பின்னல் கையில் இறுகியது. இந்தக் கனம் அவனுக்குத் தெரியும். கறுத்த தண்ணீருக்கடியில் ஒரு சின்னத் தலை, தினமும் காலையில் சாய்வதுபோல, அவன் கையை நோக்கிப் பின்னால் சாய்ந்தது.