கால் எட்டாத இடம்

ஜிம்மியின் பின்னங்கால்களும் எட்டாத, வாயும் எட்டாத, முதுகின் நட்டநடுவில்தான் தோல் உரிந்திருந்தது. நான்கு கோடுகள், பக்கம் பக்கமாக, முள்ளுக்கரண்டியால் இழுத்ததுபோல.

கிளறன்ஸ் அந்தக் கோடுகளைக் கவனிக்கவே இல்லை. அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. வாலிபம் முழுக்கக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டை தூக்கியவன், ஒரு நாயின் சொறிக்காக வேலையை விட்டுவிட்டு, பவுடர் பூசிய நாய்களுக்கு நடுவே வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு காத்திருப்பதா?

நாய் டொக்டர் நிம்றா இளம் பெண். ஜிம்மியைத் தொட்ட கையை மோந்து பார்த்து முகம் சுளித்தாள்.

“என்ன அங்கிள் பூசினீங்க?”

“வேக்ஷொப்பில இருந்து கழிவு ஒயில். ஹார்பர்ல நாங்க சொறிநாய்க்கு அதத்தான் பூசுற.”

“அது நஞ்சு. நக்கினா வயித்துக்குள்ள போகும். இனித் தொடவும் வேணாம்.” ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தாள். “தெள்ளு இல்ல, உண்ணி இல்ல. அலர்ஜியா இருக்கலாம். வீட்டுக்குப் புதுசா என்னமும் வந்ததா? கார்பெட், மெத்தை?”

கிளறன்ஸ் ஜிம்மியின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டான்.

“ஆனா இதுதான் விளங்கல்ல. இந்த இடத்துக்கு இவன்ட கால் எட்டாதே. ஆராவது சொறிஞ்சு விடுறீங்களா?”

“நாய்க்கு முதுகு சொறியிறதுதான் மிஸ் எனக்கு இருக்கிற வேலை!”

மெத்தை வந்திருந்தது. கப்பலில் கழித்துவிடும் சாமான்களை இறக்குகிற ஆட்களே பங்குபோட்டுக்கொள்வது துறைமுகத்துப் பழக்கம். பூட்டியே கிடந்த ஒரு கெபினில் இருந்து இறக்கிய அந்த நீலக்கோட்டு மெத்தையில் மட்டும் மற்றவர்கள் கை வைக்கவில்லை. கிளறன்ஸ் வைத்தான். கொட்டாஞ்சேனை வரைக்கும் தலையில் சுமந்து வந்தான். சீமெந்துத் தரையிலும் பாயிலும் கிடந்து பழுதாய்ப்போன அவன் முதுகு, அன்றைக்குத்தான் முதன்முதலாக நோகாமல் நித்திரை கொண்டது.

டொக்டர் சொன்ன கதையைக் கேட்டதும் அவன் மனைவி மேபல் பிடித்துக்கொண்டாள்.

“டொக்டரே சொல்லிட்டா. அந்தச் சனியனத் தூக்கி ரோட்டில போடுங்க.”

“நாய்க்கு அலர்ஜியாம்! வெள்ளவத்தை மாடிவீடுகள்ல இருக்கிற நாய்களுக்கு வரட்டும் அலர்ஜி. அதுல படுக்கிற என்ட முதுகுக்கு ஒண்டுமில்ல, இவருக்கு மட்டும் வந்திட்டுதா?”

“நீங்க வேலைக்குப் போனாப்பிறகு அவன் அதுலதான் ஏறிப் படுக்கிறான். படுத்த கையோட கத்திக்கொண்டு குதிச்சு ஓடுறான். நான் கண்டனான்.”

“மெத்தை போகாது. நாய் போகும்.”

சொன்னதைச் செய்தான். மறுநாள் ஒரு ஓட்டோவைப் பிடித்து, தெமட்டகொடை ரயில் யார்ட்டுக்குப் பின்னால் ஜிம்மியை இறக்கிவிட்டான். அது விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியபடி ஓட்டோவுக்குப் பின்னால் ஓடி வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மேபல் அழவில்லை. குடையை எடுத்தாள்.

“ஜிம்மியோடதான் வருவன். அதுவரைக்கும் உங்கட மெத்தையோட குடும்பம் நடத்துங்க.”

“போடி! வந்தாலும் ரெண்டு பேரும் வெளியிலதான்!”

அவள் போனதும் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டான்.

பொழுதுபடவே மழை பிடித்துக்கொண்டது. கோயில் மணி ஓய்ந்த கையோடு கரண்டும் போனது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தையும், ஒழுங்கையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு, உப்பும் துருவும் கழிவு ஒயிலும் சேர்ந்து மணக்கிற அந்த மெத்தையில், மேபலையும் நாயையும் டொக்டரையும் மாறி மாறித் திட்டியபடி அவன் மல்லாந்து கிடந்தான்.

சரக். சரக். சரக்.

கட்டிலுக்குக் கீழே, எப்போதும்போல.

“சொறியாதடா சனியன்!” என்று கத்தினான். “மனுசன் படுக்கிறதில்லையா?”

சத்தம் சட்டென்று நின்றது. சொல் கேட்டதுபோல நின்றது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. ஜிம்மி வீட்டில் இல்லை.

எலியாக இருக்கும். மழைக்கு எலி வரும்தானே. இதற்கெல்லாம் பயப்படுகிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து முதுகு அரித்துக் கடித்தது, இரண்டு தோள்களுக்கும் நடுவில். வலது கையை வளைத்தான், எட்டவில்லை. இடது கையும் எட்டவில்லை. மெத்தையில் முதுகை வைத்துத் தேய்த்தான்.

சரக்.

யாரோ சொறிந்துவிட்டதுபோல இருந்தது, மெதுவாக, கடித்த இடத்திலேயே. ஐயோ, என்ன சுகம். கண்கள் தாமாகவே மூடின.

“அங்கதான்,” என்று முனகினான். “கொஞ்சம் மேல, மேபல்.”

கொஞ்சம் மேலே போனது.

கண்களைத் திறந்தான். மின்னல் வெளிச்சத்தில், கதவில் இரண்டு தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தன. வீட்டில் அவன் மட்டும்.

சரக்.

எழும்பப் பார்த்தான். முடியவில்லை. சட்டையின் பின்பக்கத்தை எதுவோ கொத்தாகப் பிடித்திருந்தது. சுகம் எரிவாகியது. எரிவு ஈரமாகியது. நான்கு நகங்கள். பக்கம் பக்கமாக.

வெளியே செருப்புச் சத்தம். கதவில் தட்டு.

“இஞ்சாருங்க! ஜிம்மி கிடைச்சிட்டான். கதவத் திறங்க!”

கிளறன்ஸ் வாயைத் திறந்தான். மூச்சு மட்டும்தான் வந்தது.

“கோவமெண்டா நாளைக்குக் கோவிங்க. நாங்க நனையிறம்.” மறுபடியும் தட்டினாள். பிறகு அவள் குரல் தாழ்ந்தது. “உள்ள என்ன சொறியிற சத்தம்? ஜிம்மி இங்க என்ட காலடியில நிக்கிறானே.”

ஜிம்மி உறுமியது. உறுமல் ஊளையாக நீண்டது.

மறுபடியும் மின்னியது. கன்னத்துக்குப் பக்கத்தில் மெத்தையின் நீலக்கோட்டுத் துணி, கிழியாமலே, மெல்ல எழும்பி வருவதைக் கிளறன்ஸ் கண்டான். உள்ளங்கை. விரல்கள். அது அவன் தலைமேல் வந்து அமர்ந்தது.

தடவியது. சொல் கேட்கிற நாயைத் தடவுவதுபோல.

சரக். சரக். சரக்.