எட்டடி போர்ட்டிகோ

"ஏட்டி அன்னம்! வெளிய வந்து பாரு... நீ வீடு கட்டின லட்சணத்தைத் தெருவே பார்க்கு!"

வாசலிலிருந்து குமரகுருபரன் போட்ட சத்தத்தில் அன்னத்தாயின் கையிலிருந்த தோசைக்கரண்டி நழுவி விழுந்தது. எதற்கென்று அவளுக்குத் தெரியாதா என்ன? காலை எட்டு மணியானால் இந்தக் கூத்துதானே! எதிர்வீட்டுப் பூதலிங்கம் ஹாரனை அமுக்கியபடியே இருந்தார். குமரகுருபரனின் கார் தெருவில் நின்றால் அவர் கார் கேட்டைத் தாண்டித் திரும்ப இடமில்லை.

"ஹெட்மாஸ்டராச்சேன்னு இத்தனை நாள் பொறுத்தாச்சு. வீட்டுக்குள்ள நிறுத்த வக்கில்லைன்னா உமக்கு எதுக்கு வே காரு?"

குமரகுருபரன் காரை எடுத்துப்போய், அரை மைல் தள்ளிக் கோயில் திடலில் விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். இரவிலும் கார் அங்கேதான் கிடக்கிறது; காலையில் கழுவித் துடைக்க வாசலுக்குக் கொண்டுவந்தால்தான் இந்தச் சண்டை.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே கட்டி ஏழு மாதமான வீடு. போர்ட்டிகோ இல்லாமலா இருக்கிறது? அழகாக டைல்ஸ் போட்டுத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மாடிப்படிச் சுவர், மறுபக்கம் அடுக்களைச் சுவர். கார் உள்ளே போகும். போனபின் கதவு திறக்காது! குடிவந்த அன்று குமரகுருபரன் உள்ளே மாட்டிக்கொண்டு, வேட்டியைப் பிடித்தபடி டிக்கி வழியாக இறங்கியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவரும் மறக்கவில்லை, மனைவியை மறக்க விடவும் இல்லை.

வரைபடத்தில் போர்ட்டிகோ ஒன்பதடி. கட்டியிருந்தது எட்டடி. குறைந்த ஓரடி பக்கத்து அடுக்களையோடு சேர்ந்திருந்தது. அவர் ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தபோது, வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றி, கொத்தனாரோடு மல்லுக்கட்டி வீட்டை எழுப்பியவள் அன்னத்தாய். அப்படியானால் அந்த ஓரடியைத் தின்றவள் அவள்தானே!

"அடுக்களை பெரிசா வேணும்னு ஆசைப்பட்டியே... நல்லா உக்காந்து தின்னு!"

அன்னத்தாய் அடுத்த தோசையை ஊற்றினாள். உள்ளறையில் அவள் மாமியார் உலகம்மை காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வள்ளியூரிலிருந்து போன் வந்தது. மகள் பிருந்தாவின் மாமியார் சித்ரலேகா.

"மதினி, வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு எல்லாரும் வந்துருங்க. ஆனா... பிருந்தாவ உங்க கூட அனுப்புததுக்கு எங்களுக்கு மனசில்ல. ராத்திரி வலி எடுத்தா காரு அரை மைல் தள்ளி நிக்குமாமே! தலைப்பிரசவம் இங்கனயே நடக்கட்டும்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையென்றால் எதற்கு ஒரு தாய்வீடு? மகளுக்கென்று கிழக்கு ஜன்னல் வைத்து ஓர் அறை. பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, துவைத்து, அடுக்கி வைத்திருந்தாள் அன்னத்தாய். தலையில் இடி விழுந்தாற்போல நின்றாள். பிருந்தாவும் போனை வாங்கி, "உனக்கு என்னைவிட அடுக்களைதான் முக்கியமாப் போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

உலகம்மை பைய நடந்து வந்து மருமகளின் தோளைத் தொட்டாள். "ஏளா... சொல்லிரட்டா?"

"வேண்டாம் அத்தை! தெரிஞ்சா இன்னைக்கே இடிச்சிருவாவ..."

வெள்ளிக்கிழமை வள்ளியூர் வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இரண்டு கைகளிலும் வளையல் குலுங்க, மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்த பிருந்தா அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கலவை சாதம் பரிமாறும்போது யாரோ ஒரு கிழவி, "பிள்ளைய எப்போ கூட்டிட்டுப் போறீக?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

சித்ரலேகா முந்திக்கொண்டாள். "போகல பெரியம்மை. அவுக வீட்டுல காரு நிக்க வசதியில்ல."

குமரகுருபரனின் முகம் கறுத்தது. "என்னைச் சொல்லாதீங்க... எம் பொண்டாட்டி போர்ட்டிகோவுல ஓரடியத் தின்னுட்டா. பெத்த மகளைவிட அவளுக்கு அடுப்படி பெரிசு!"

அத்தனை பேர் நடுவில்! அன்னத்தாய் அகப்பையைப் பாத்திரத்திலேயே போட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது.

"நிறுத்துலே!"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள் உலகம்மை.

"அவ திங்கல... நான் குறைச்சேன். நானாக்கும்! கொத்தனார் முத்துமாலைகிட்ட எட்டடி வையின்னு சொன்னது நான். மிச்சத்தை எங்கயாவது தள்ளணுமேன்னு அவன் அடுக்களையில சேர்த்தான்."

"என்னம்மா சொல்லுத?"

"உங்கப்பா கட்டின முன்கூடம் ஒன்பதடிலே. நாப்பத்தோரு வயசுல போய்ச் சேர்ந்தாவ. மனையடி சாஸ்திரத்துல ஒன்பது ஆகாது, வீட்டுத் தலைவனைக் கொண்டுபோயிரும்னு பொறவுதான் எனக்குச் சொன்னாவ... உன்னையும் வாரிக் கொடுக்கவா? உன்கிட்ட சொன்னா சிரிப்ப. சாஸ்திரமாவது மண்ணாவதுன்னு வேணும்னே இடிச்சு ஒன்பதாக்குவ! அதான் இவ கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன். ஏழு மாசமா உன் ஏச்சு அம்புட்டும் என் பங்குலே... இந்தப் பாவி மக வாங்கிக்கிட்டா!"

பிருந்தா மாலையோடு எழுந்து ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். "அம்மா... நானும் உன்னைக் கேட்டுட்டேனே... என்னை அடிம்மா!"

"ஓடாதட்டி! வயித்துப்பிள்ளைக்காரி..." அன்னத்தாய் அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

குமரகுருபரன் மனைவியின் பக்கம் திரும்பினார். "அன்னம்... நீயுமா இதை நம்புத?"

"நம்பல... உங்க உயிருன்னு சொன்ன பொறவு, நம்பாம இருக்கவும் முடியல."

அவர் வேட்டி நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "திங்கக்கிழமையே அந்தச் சுவரை..."

"தொடக்கூடாது!" உலகம்மையும் அன்னத்தாயும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

சித்ரலேகா வந்து அன்னத்தாயின் கையைப் பிடித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "மதினி, தெரியாமப் பேசிட்டேன். காரு எங்கன நின்னா என்ன? இன்னைக்கே பிருந்தாவக் கூட்டிட்டுப் போங்க."

எதற்காக ஏழு மாதம் கனவு கண்டாளோ அது கைக்கு வந்துவிட்டது. அன்னத்தாய் மகளின் முகத்தையும் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல மறுத்துத் தலையாட்டினாள்.

"வேண்டாம் மதினி. நீங்க சொன்னதுல தப்பில்ல. வலி எடுத்தா வாசல்ல காரு நிக்கணும். என் ஆசைக்கு என் பிள்ளைய அலையவைக்க மாட்டேன். பிரசவம் இங்கனயே நடக்கட்டும்... எனக்கு மட்டும் உங்க வீட்டுல ஒரு மூலையில இடம் கொடுங்க."

சம்பந்தி வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைக்காதவள் அவள். அதைக் கேட்கும்போது அவமானத்தில் அவள் முகம் சிவந்தது. சித்ரலேகா அவளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் உலகம்மையைக் காரில் ஏற்றிவிட்டு, அன்னத்தாய் மாத்திரைப் பையைக் கணவரிடம் கொடுத்தாள். "அத்தைக்குக் காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள். அவுகளை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

உலகம்மை ஜன்னல் வழியாக மருமகளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குமரகுருபரன் வண்டியை எடுக்காமல் நின்றார். "எப்போ வருவ?"

"தெரியல."

"என் மேல கோவமா அன்னம்?"

"கோவந்தான்," என்றாள் அவள். "அது இருக்கட்டும்... நீங்க நல்லா இருங்க."