கண்ணாடிக் கடைக் கையுறை

"உங்க சித்தி ஆடுற டீம் அவ்வளவு பெரிய டீம்னா, உலகக் கோப்பையில ஏன் அது இல்ல?"

பக்கத்து பெஞ்சுக்காரி ஒருமுறை இப்படிக் கேட்டபோது கொசுவுக்கு வாய் எழவில்லை. காது மட்டும் சூடானது. வெளியாட்களிடம் அவள் அப்படித்தான். வீட்டுக்குள் வந்துவிட்டால் போதும், வேண்டியது கிடைக்கும்வரை காதைச் சுற்றி ரீங்காரம்தான். அதனால்தான் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயரை எல்லோரும் மறந்துவிட்டு 'கொசு' என்றே கூப்பிட்டார்கள்.

அன்று மாலையே அவள் சித்தியின் வெல்டிங் பட்டறைக்கு ஓடினாள். சித்தி முகமூடியைத் தூக்கிவிட்டு அவள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"அந்தக் கோப்பைக்கு நாடா இருக்கணும், கொசு. உலகக் கால்பந்து சபையில பேரு இருக்கணும். நாம ஒரு வட்டாரம். நமக்குன்னு ஒரு கொடி இருக்கு, ஒரு பாட்டு இருக்கு, நல்லா ஓடுற பதினோரு பேர் இருக்கோம். நாடு மட்டும்தான் இல்ல. நம்மள மாதிரி இருக்கறவங்க எல்லாம் சேர்ந்து தனியா ஒரு கோப்பை வெச்சிருக்கோம்."

"அது நிஜக் கோப்பையா, சித்தி?"

"ஒரு தடவை தூக்கிப் பாரு. தோள்பட்டை கழண்டுடும்."

அந்தக் கோப்பைக்கான பெண்கள் போட்டி இந்த வருடம் கொசுவின் ஊரிலேயே நடந்தது. எட்டு அணிகள் வந்தன. ஓட்டலில் தங்க வைக்க யாரிடமும் வசதி இல்லை. ஆளுக்கு ஒரு வீடு என்று ஊர்க்காரர்களே விருந்தாளிகளைப் பிரித்துக்கொண்டார்கள். அதுதான் இந்தக் கோப்பையின் வழக்கம். காலையில் உங்கள் வீட்டில் சாப்பிட்டவர் சாயங்காலம் உங்கள் அணிக்கே கோல் போடலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கொசுவின் வீட்டுக்கு வந்தவர் தீவு அணியின் கோல்கீப்பர். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையால் மூடிவிடலாம், அவ்வளவு பெரிய கை. அவர் பேசும் மொழி இங்கே யாருக்கும் தெரியாது, இங்கே பேசுவது அவருக்குத் தெரியாது. கொசு அவரைத் 'தீவு அக்கா' என்று கூப்பிட்டாள். அவர் கொசுவைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் காட்டி, 'இத்துனூண்டு' என்று சைகையிலேயே கூப்பிட்டார். நான்கு நாட்களில் இருவரும் பேசாமலே அவ்வளவு பேசிவிட்டார்கள்.

இறுதிப் போட்டிக்கு வந்த அணிகள் எவை தெரியுமா? ஒன்று தீவு அணி. இன்னொன்று சித்தி கேப்டனாக இருக்கும் நம் வட்டார அணி!

ஞாயிற்றுக்கிழமை காலை. போட்டி நான்கு மணிக்கு. கொசுவுக்கு ஆறு மணியிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. அம்மா நடத்தும் சலவைக் கடை வீட்டின் முன்பக்கத்தில்தான் இருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைபோலக் குவிந்திருந்தன.

"கொசு, அந்தக் கூடையை மெஷின்ல போடு. கொதிக்கிற தண்ணி. அப்புறம் டிரையர்" என்றாள் அம்மா.

கூடையின் விளிம்பில் தீவு அக்காவின் கையுறைகள் கிடந்தன. சேறு காய்ந்து போயிருந்தது. பாவம், இறுதிப் போட்டிக்கு இப்படியா போவது? பளிச்சென்று வெளுத்து வைத்தால் அக்கா எவ்வளவு சந்தோஷப்படுவார்! கொசு அவற்றையும் விரிப்புகளோடு சேர்த்துப் போட்டாள்.

சலவைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வரக்கூடிய ஆசை அது.

பதினொரு மணிக்கு டிரையரைத் திறந்தபோது முதலில் அவளுக்கு அவை என்னவென்றே புரியவில்லை. பொம்மைக்குப் போடும் அளவில் இரண்டு கையுறைகள். உள்ளங்கை ரப்பர் காய்ந்த இலைபோலச் சுருண்டு, தொட்டதும் உதிர்ந்தது.

"அம்மா!"

அம்மா வந்து பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் வந்து பார்த்தான். குதித்தான்.

"கொசு! நீ கொசு இல்லடி, சிங்கம்! கீப்பர் கையுறையையே காலி பண்ணிட்டே! கப்பு நமக்குத்தான்!"

"வாயை மூடுடா. வேணும்னேவா பண்ணினேன்?"

"வேணும்னு பண்ணலைன்னா இன்னும் நல்லது. யாரும் குறை சொல்ல முடியாது பாரு."

தீவு அக்கா கையுறைகளைப் பார்த்தார். உதிர்ந்த ரப்பரை விரலால் தொட்டார். பிறகு கொசுவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பெரிய வெறுங்கைகளை விரித்துக் காட்டி, 'இது போதும்' என்பதுபோலத் தலையாட்டினார்.

வேறு ஜோடி கிடையாது. படகிலும் இரண்டு பஸ்ஸிலும் ஏறி வந்தவர்கள், ஆளுக்கு ஒரு பைதான். ஞாயிறு என்பதால் விளையாட்டுச் சாமான் கடைக்குப் பூட்டு. நம் கீப்பரின் பழைய ஜோடியை அம்மா ஓடிப்போய் வாங்கி வந்தாள். அது தீவு அக்காவின் விரல்களில் பாதியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் தூறல் ஆரம்பித்தது.

கொசு பின்கட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். தீவு அக்கா தனியாக நின்று பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நனைந்த பந்து சோப்புக்கட்டி மாதிரி கையிலிருந்து நழுவியது. மறுபடி அடித்தார். மறுபடி நழுவியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கொசு ஜன்னலை விட்டுக் கடைக்குள் வந்தாள்.

பெரிய கை... பெரிய கை... இந்த ஊரில் யாருக்கு இவ்வளவு பெரிய கை? யார் வீட்டுச் சட்டை என்ன அளவு, யார் காலுறையில் எங்கே ஓட்டை என்று மடித்து மடித்தே அவளுக்கு அத்துப்படி. சட்டென்று அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

மூன்றாவது தட்டில், காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். மேலே அம்மாவின் கையெழுத்து: 'கண்ணாடிக் கடை. பச்சைத் தண்ணி மட்டும்.' உள்ளே கண்ணாடிக் கடை மாமாவின் வேலைக் கையுறைகள். கொசுவின் முழங்கை வரை வரும். உள்ளங்கை முழுக்கச் சுரசுரப்பான ரப்பர். ஆள் உயரக் கண்ணாடியை மழையில் தூக்கினாலும் நழுவாது.

"எடுத்துக் குடுத்துட வேண்டியதுதானே?" என்றான் பின்னால் வந்து நின்ற அண்ணன். "குடுக்கறதுன்னு ஆயிட்டா அப்புறம் என்ன யோசனை?"

"வெளுக்க வந்ததை நாம தொட்டுப் போட்டுக்கக் கூடாது. கேட்டுத்தான் வாங்கணும்."

"அவர்கிட்டயா? நீயா?" அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "உயிரோட வா."

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. கண்ணாடிக் கடை மாமாவைப் போல நம் அணிமேல் பைத்தியமான ஆள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. ஆட்டம் தவறாமல் முதல் வரிசையில் டிரம்மோடு நிற்பார். போன வருடம் நாம் தோற்றபோது இரண்டு நாள் கடையையே திறக்கவில்லை.

கொசு பொட்டலத்தோடு மழையில் ஓடினாள். மாமா கடை வாசலில் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அணியின் நிறங்கள், பாதிக் கன்னம் மஞ்சள், பாதிக் கன்னம் நீலம்.

"வா கொசு! கையுறையா? வெச்சுட்டுப் போ. இன்னிக்கு யாருக்குக் கண்ணாடி வேணும்? கப்புதான் வேணும்!"

கொசுவுக்கு வழக்கம்போல வாய் ஒட்டிக்கொண்டது. காது சூடானது. ஆனால் கண்ணுக்குள் அந்தப் பந்து நழுவிக்கொண்டே இருந்தது.

"மாமா... இதை... ஒரு சாயங்காலத்துக்குக் கடன் குடுப்பீங்களா?"

"யாருக்கு?"

"தீவு கீப்பருக்கு."

டிரம் துடைத்த துணி கீழே விழுந்தது.

"யாருக்கு?!"

கொசு நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். மாமா எழுந்து கடைக்குள் மூன்று தடவை நடந்தார்.

"என் கையுறையைப் போட்டுக்கிட்டு நம்ம கோலையே தடுக்கவா? என்ன பேச்சு பேசற நீ? உங்க சித்தி காதுல விழுந்தா பட்டறைப் பக்கமே உன்னைச் சேர்க்க மாட்டா!"

கொசு தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "கண்ணாடியே இல்லாத ஜன்னல் வழியா பந்தை அடிச்சுட்டு, அடிச்சுட்டேன் அடிச்சுட்டேன்னு டிரம் தட்டினா நல்லாவா இருக்கும், மாமா?"

மாமா நின்றார். மஞ்சள் கன்னத்தைச் சொறிந்தார். நீலக் கன்னத்தைச் சொறிந்தார்.

"எடுத்துட்டுப் போ" என்று உறுமினார். "யாருதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே. என் மானம் போயிடும்."

மைதானத்தில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. நடுவர் மற்ற நாட்களில் பல் டாக்டர். கையுறையை வாங்கி, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விளையாட்டுக் கையுறை இல்லையே. நம்ம விதிப் புத்தகம் மொத்தமே பதினோரு பக்கம். அதுல இதைப் பத்தி ஒண்ணும் இல்ல. புத்தகத்துல இல்லாததுக்கு ரெண்டு கேப்டனும் கை குலுக்கினா செல்லும். இல்லைன்னா செல்லாது."

தீவு கேப்டன் உடனே கையை நீட்டினார். நம் அணிக்காரிகள் சித்தியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வேணாம் கேப்டன்! நம்ம தப்பா அது?"

"நம்ம வீட்டுத் தப்புதான்" என்றாள் சித்தி. கொசுவைக் கூப்பிட்டாள். "நீதான் சுருக்கினியா?"

"ஆமா, சித்தி."

"இதைத் தேடிக் கொண்டுவந்ததும் நீதானா?"

"ஆமா" என்றாள் கொசு. இந்த ஒரு கோப்பைக்காகச் சித்தி வருடம் முழுக்க விடியலில் ஓடியது அவளுக்குத் தெரியும்.

சித்தி கையுறையின் உள்ளங்கையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "அம்மாடி, என்ன பிடிப்பு!" என்றாள். பிறகு தீவு கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

விசில் ஒலித்தது!

மழை, சேறு, கூச்சல். ஏழாவது நிமிடம் சித்தி ஒரு பந்தை உதைத்தாள். அது சீறிக்கொண்டு போனது. தீவு அக்கா பாய்ந்தார். 'சப்' என்று ஒரு சத்தம். பந்து அந்தக் கையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஊரே "அய்யோ!" என்றது. முதல் வரிசையில் மட்டும் டிரம் தானாக ஒருமுறை 'டும்' என்றது. பக்கத்தில் நின்றவர் முறைத்தார்.

"கை தவறிடுச்சு" என்றார் கண்ணாடிக் கடை மாமா.

இருபதாவது நிமிடம் இன்னொன்று. 'சப்!' முப்பத்தைந்தாவது நிமிடம் தலையால் முட்டியது ஒன்று. 'சப்!' மாமா டிரம் குச்சிகளை இடுப்பில் செருகிவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து அடக்கிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் தீவு அணி ஒரு கோல் போட்டது. கொசு பக்கத்திலிருந்த அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நம் அணி விடாமல் துரத்தியது. பந்து கம்பத்தில் பட்டது, குறுக்குக் கம்பியில் பட்டது, நடுவரின் முதுகில்கூடப் பட்டது. கோல் மட்டும் விழவில்லை.

எண்பத்தொன்பதாவது நிமிடம். கோலுக்கு முன்னால் தீவுக்காரி ஒருத்தியின் கையில் பந்து பட்டுவிட்டது. நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார்.

மைதானம் குலுங்கியது. சித்தி பந்தை வைத்தாள். இந்த வருடம் சித்தி ஒரு பெனால்டியைக்கூட விட்டதில்லை. கொசு கண்ணை மூடினாள். திறந்தாள். மூடினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டாள்.

சித்தி ஓடிவந்து உதைத்தாள். இடது மூலை, தரையோடு தரையாக, சேற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு உதை!

தீவு அக்கா நீளமாக, நீளமாக விழுந்தார். பந்து விரல் நுனிகளில் பட்டது. வெறுங்கையாக இருந்தால் வழுக்கி உள்ளே போயிருக்கும். போகவில்லை. அந்த நுனிகளிலேயே நின்றது.

நீண்ட விசில். ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை தீவுக்கு.

சித்தி மெதுவாக நடந்துபோனாள். கொசு வேலியைப் பிடித்துக்கொண்டாள். சித்தி குனிந்து தீவு அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இருவரும் சேறு பூசிய முகத்தோடு கட்டிக்கொண்டார்கள். பிறகு சித்தி வேலியருகே வந்து கொசுவின் தலைமேல் கையை வைத்தாள்.

"நான் நல்லாத்தான் அடிச்சேன், இல்ல?"

"ரொம்ப நல்லா அடிச்சீங்க, சித்தி."

"அவ அதைவிட நல்லாப் பிடிச்சுட்டா. இந்த வருஷம் முழுக்க இப்படி ஒரு ஆட்டம் நான் ஆடலை, கொசு. வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம். இப்பக் கை தட்டு."

கொசு கை தட்டினாள். ஆனால் தோற்ற மைதானத்தில் யாருக்கும் கை எழவில்லை.

அந்த அமைதியில், முதல் வரிசையில் ஒரு டிரம் வெடித்தது. டும்! டும்! டும்! டும்!

"பாத்தீங்களா, என் கையுறை! விரல் நுனியில நிறுத்துச்சு பாத்தீங்களா! என் கடைக் கையுறைடா அது!"

மஞ்சளும் நீலமும் மழையில் கரைந்து பச்சையாக வழிந்த முகத்தோடு கண்ணாடிக் கடை மாமா துள்ளித் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார்.

ஊர் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. முதலில் சித்திதான் சிரித்தாள். அப்புறம் அண்ணன். அப்புறம் மைதானமே சிரித்துக் கை தட்டத் தொடங்கியது.

மாமாவின் குச்சி அந்தரத்தில் நின்றது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், கொசுவைப் பார்த்தார். பிறகு டிரம்மைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார்.