பாலை மரத்தில் ஒரு குரோட்டன் குழை

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் தில்லைநாதனுக்கு மத்தியானச் சோறு இறங்கி, கண் சொருகிக்கொண்டு வந்த நேரம். வெறுப்போடு எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர்! நான் சிற்றம்பலம்... வனமாளிகை ஹோட்டல் முதலாளி! எங்கடை மனேஜர் தவராசாவைக் குத்திப்போட்டாங்கள்!"

"செத்திட்டாரோ?"

"கழுத்திலை கத்தி நிக்குது!"

"அப்ப அவசரமில்லை. வாறன்."

வவுனியா டவுனின் ஓரத்தில் இருந்தது வனமாளிகை. நாளைக்குத் திறப்பு விழா. மந்திரி வருகிறார். பெரிய காட்டை வெட்டிச் சாய்த்துவிட்டு, கொழும்பிலிருந்து லொறி லொறியாகச் செடி இறக்கி, உள்ளே ஒரு சின்னக் காடு வளர்த்திருந்தார்கள். ஹோலின் நடுவில் செயற்கை ஓடை. ஓடைக்கரையில், வெட்டாமல் விட்ட ஒரேயொரு பாலை மரம். அதற்காகக் கூரையிலேயே வட்டமாக ஓட்டை!

மரத்தடியில் தவராசா கிடந்தார்.

தில்லைநாதன் பெருமூச்சோடு குனிந்தார். முழங்கால் முறைப்பாடு செய்தது. நிமிர்ந்தபோது, தலைக்கு மேல்... பாலை மரக் கவட்டில் ஏதோ சிவப்பும் மஞ்சளுமாய்...

குரோட்டன் குழை! யாரோ ஒரு சின்னக் கொப்பை இலையோடு முறித்துச் செருகியிருந்தார்கள். இலை இன்னும் வாடவில்லை.

அவர் அதைத் தொடாமல் திரும்பினார்.

"வேலைக்காரர் எல்லாம் எங்கை?"

"குசினியிலை ஒண்டா இருந்து சாப்பிட்டவை, சேர்," என்றான் கான்ஸ்டபிள் நல்லதம்பி. "வெளியிலை நிண்டது மூண்டு பேர்தான். முதலாளி, ஹோட்டலுக்குப் பிளான் கீறின ஆர்க்கிடெக்ட் ராஜரத்தினம், தோட்டக்காரி ராக்காயி."

"இதிலை விசாரிக்க என்ன கிடக்கு?" சிற்றம்பலம் பாய்ந்தார். "கத்தி ராக்காயின்ரை! காலமைதான் தவராசா அவளின்ரை குடிசையைப் பிடுங்கச் சொன்னவர். கொண்டு போங்கோ! நாளைக்கு மந்திரி வாறார்!"

ராக்காயி ஓரமாக நின்றாள். எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடி வந்தவள். கையோடு கொண்டுவந்த பொருள், தேயிலைச் செடி கத்தரிக்கும் அந்தக் கவ்வாத்துக் கத்தி ஒன்றுதான்.

"கத்திய ஓடைக்கரையில வச்சிட்டுக் குடிசைக்குப் போனேங்க... சத்தியமா நான் குத்தலைங்க!" அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "ஒரு தடவ அடிச்சு வெரட்டுனாங்க, வந்துட்டோம். இப்ப ஜெயிலுக்கும் அனுப்பிட்டா எம் பொண்ணு எங்கங்க போவா?"

தில்லைநாதன் களைத்துப்போனார். இவளுக்கு விலங்கை மாட்டினால் முதலாளிக்குச் சந்தோஷம், மந்திரிக்கு நிம்மதி, தனக்கு நித்திரை. ஆசையாகத்தான் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன குழை மட்டும் கண்ணை உறுத்தாமல் இருந்திருந்தால்!

"நீங்கள் என்ன நினைக்கிறியள், மிஸ்டர் ராஜரத்தினம்?"

ஆர்க்கிடெக்ட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐ ஆம் சொறி, இன்ஸ்பெக்டர். நான் கொழும்பிலை பிறந்து வளர்ந்த ஆள். இந்தப் பக்கத்துச் சனத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நிஜக் காட்டுக்குள்ளை நான் காலே வைச்சதில்லை."

"காடு தெரியாமலே காட்டைக் கட்டியிருக்கிறியள்! கெட்டிக்காரன்தான்."

தில்லைநாதன் நல்லதம்பியின் காதில் ஏதோ முணுமுணுத்தார். அவன் பின்பக்கமாய் ஓடினான்.

"எல்லாரும் வாங்கோ. கொலைகாரன் பின்காட்டாலை வந்தானோ எண்டு பாப்பம்."

ஹோட்டலின் பின்மதிலோடு உண்மையான காடு தொடங்கியது. ஒற்றையடிப் பாதையில் நால்வரும் கொஞ்சத் தூரம்தான் போயிருப்பார்கள்.

எதிரே நல்லதம்பி தலைதெறிக்க ஓடி வந்தான்!

"சேர்...! யானை! தனியன் யானை! அங்கை பாருங்கோ, இலத்தி!"

பாதையில் பெரிய சாண உருண்டைகள்!

"ஐயோ!" சிற்றம்பலம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார்.

"முருகா!" ராக்காயி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ராஜரத்தினம்...?

அவர் ஓடவில்லை. கத்தவில்லை. கை தன்பாட்டில் பக்கத்துச் செடிக்குப் போனது. ஒரு குழையை முறித்தது. பாதையோர வீரை மரத்தின் கவட்டில் செருகியது. உதடுகள் முணுமுணுத்தன. "ஐயனாரே, காப்பாற்று..."

தில்லைநாதன் அந்தக் கையைப் பிடித்தார்.

"காட்டுக்குள்ளை பயம் வந்தால் ஐயனாருக்குக் குழை முறிச்சு வைக்கிறது வன்னிச் சனத்தின்ரை பழக்கம். ராக்காயிக்கு அது தெரியாது. முதலாளி யாழ்ப்பாணத்து ஆள், அவருக்கு ஓடத்தான் தெரியும். கொழும்பிலை பிறந்த உமக்கு ஆர் பழக்கினது?"

ராஜரத்தினம் கையை இழுக்கப் பார்த்தார்.

"தவராசாவைக் குத்தினாப் பிறகும் பயம் வந்தது, என்ன? கைக்கு எட்டினது குரோட்டன். அதையே முறிச்சு வைச்சிட்டீர்!"

ராஜரத்தினம் அப்படியே பாதையில் குந்திவிட்டார்.

"நான் மாங்குளத்தான், சேர்... ஆர்க்கிடெக்ட் இல்லை. கொழும்பிலை ஒரு ஆர்க்கிடெக்ட்டின்ரை கந்தோரிலை பியோனா இருந்தனான். இந்தப் பிளான் அங்கை களவெடுத்தது. தவராசா என்னோடை பள்ளிக்கூடத்திலை படிச்சவன், கண்ட உடனை நான் ஆரெண்டு மட்டுக்கட்டிட்டான். நாளைக்கு மந்திரிக்கு முன்னாலை சொல்லப்போறன் எண்டான்... மரத்தடியிலை அந்தக் கத்தி கிடந்தது..."

ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை நிம்மதியில்!

"அழாதை. உன்ரை குடிசையிலை ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். முதலாளியோடை நான் கதைக்கிறன்," என்றார் தில்லைநாதன்.

தூரத்தில் மதிலுக்கு மேலே சிற்றம்பலத்தின் தலை தெரிந்தது. "இன்ஸ்பெக்டர்! யானை போயிட்டுதோ?"

"வந்தால்தானே போறதுக்கு!" நல்லதம்பி சிரித்தான். "இலத்தி, ராக்காயி செடிக்கு உரம் போட எண்டு அள்ளி வைச்சது!"

விலங்கு பூட்டிக்கொண்டது.

ராஜரத்தினம் அந்த வீரை மரத்தைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார். "குழை வைச்சால் ஒண்டும் வராது எண்டு அப்பு சொன்னவர், சேர்..."

தில்லைநாதன் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"யானை வராது எண்டுதான் சொல்லியிருப்பார். பொலிஸுக்கு அது சரிவராது!"