படகுக்காரருக்கு ஒரு குளியல்

எங்கள் அப்பாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஊர் சுற்றப் போகும் இடத்தில் ஒரு சிலையைக் கண்டால் போதும், நாங்கள் நான்கு பேரும் அந்தச் சிலை மாதிரியே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குதிரை வீரர் சிலை என்றால் நாங்களும் இல்லாத குதிரையில் உட்காருவோம். விஞ்ஞானி சிலை என்றால் நாங்களும் கன்னத்தில் கை வைத்து யோசிப்போம். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிப்பார்கள். அப்பா அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்.

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. வீட்டில் அவனை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். அவன் எப்படிப்பட்ட ஆள் என்று அதிலேயே தெரிந்திருக்கும்.

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். படத்துக்காக வாலுவின் கையைச் சரிசெய்யும்போதும், பேருந்தைப் பின்னால் எடுக்க வழி சொல்கிற மாதிரியேதான் பேசுவார். "வா... வா... இன்னும் வா... லெஃப்ட்ல ஒடி... போதும், நிறுத்து!" அம்மா ஒரு பக்கம் அவன் இடுப்பைத் திருப்புவார். நான் தலையை நிமிர்த்துவேன்.

இந்த விடுமுறைக்கு நாங்கள் போனது ஓர் ஆற்றங்கரை ஊர். முன்பு பெரிய வெள்ளம் வந்தபோது, அங்கே ஒரு படகுக்காரர் விடிய விடியப் படகு ஓட்டி மக்களைக் காப்பாற்றினாராம். கடைசியாகப் போனபோது மட்டும் அவர் திரும்பி வரவில்லை. அவருக்குக் கரையிலேயே வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். படகின் விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றி, குனிந்து, வலது கையைக் கீழே நீட்டியிருக்கிறார். மேடை என் இடுப்பு உயரம்தான். ஆனால் சுற்றிலும் கம்பி வேலி. வேலியில் 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை.

"வாங்க, வாங்க! வெளிச்சம் நல்லா இருக்கு!" என்று அப்பா அவசரப்படுத்தினார்.

"நான் வரலை" என்றான் வாலு.

"ஏன்டா? கால் வலிக்குதா?"

"காலெல்லாம் வலிக்கலை. ஆளாளுக்கு என்னைப் பொம்மை மாதிரி முறுக்கறீங்க. நான் யார் மாதிரி நிக்கறேன்னு எனக்கே தெரியல. எனக்கு எல்லாச் சிலையும் ஒண்ணுதான். ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். அடுத்த தடவை நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் பெரியம்மா வீட்ல இருந்துக்கறேன்."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. அம்மா அவன் தலையைத் தடவினார். வாலு இல்லாமல் ஒரு பயணமா? அவன் இல்லையென்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோடு சண்டை போடுவது?

நான் நேராக வேலியருகே நின்ற காவலாளியிடம் போனேன்.

"அங்கிள், என் தம்பிக்குக் கண் தெரியாது. ஒரே ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கட்டுமா?"

அவர் வாலுவைப் பார்த்தார். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "நான் என்ன பாப்பா பண்றது? போன மாசம் ஒருத்தன் ஏறி, சாவியால கீறித் தன் பேரை எழுதி வச்சுட்டான். இனிமே யாரும் தொடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க."

"யாருமேவா?"

"யாருமே."

அந்த நேரம் பார்த்து, ஒரு பெண் வாளியும் பிரஷ்ஷுமாக வந்தார். காவலாளி வேலிக் கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் உள்ளே போய், படகுக்காரரின் தலையில் இருந்த புறா எச்சத்தைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார்.

"இவங்க மட்டும் தொடறாங்களே?" என்றேன்.

"அவங்க சிலையைக் கழுவறவங்க பாப்பா. வாரா வாரம் கழுவலைன்னா, இந்தப் புறாங்க பண்ற வேலைக்கு இவர் மூஞ்சியே தெரியாது."

"அப்போ கழுவறவங்க தொடலாமா?"

"தொடாம எப்படிக் கழுவறது?"

அது போதும் எனக்கு. "ஆன்ட்டி! ஒத்தாசைக்கு ஆள் வேணுமா? என் தம்பி சூப்பரா கழுவுவான்!"

"யாரு, நானா?" என்றான் வாலு. வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவாத மகராசன் அவன். நான் கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "ஆமா ஆமா, கழுவுவேன்!" என்றான் உடனே.

கழுவும் பெண் சிரித்துவிட்டார். "குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு. கீழ்ப்பக்கம் தேய்க்க ஆள் கிடைச்சா வேணாம்னா சொல்லப் போறேன்? நான் பக்கத்துலயே இருக்கேன், விடுங்கண்ணே."

காவலாளி வாலுவின் கைகளை விரித்துப் பார்த்தார். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. "சரி, செருப்பைக் கழட்டிட்டு ஏறு தம்பி. வேலைன்னு வந்துட்டா ஒழுங்கா செய்யணும், ஆமா!"

வாலு ஈரத் துணியோடு ஏறினான். ஒரு கை தேய்த்தது. இன்னொரு கை தடவிப் பார்த்தது.

"அக்கா, சட்டைக் கையை மடிச்சு விட்டிருக்கார்! ரொம்ப ஒல்லி, பாவம். முதுகெலும்பு கையில தட்டுது. கால்ல செருப்பு இல்லை. கட்டை விரலை நல்லா அழுத்தி ஊனியிருக்கார்." முகத்துக்குப் போனான். "வாய் திறந்திருக்கு. யாரையோ கூப்பிடறார்."

அவன் மூக்கிலும் சோப்பு, காதிலும் சோப்பு. நீட்டிய கைக்கு வந்ததும் சட்டென்று நின்றான்.

"அக்கா... இவர் கையை யாரோ பிடிச்சிருக்காங்க."

"அங்க யாருமில்லடா."

"மணிக்கட்டுக்கு அடியில பாரு. சின்னச் சின்ன விரல். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. குழந்தையோட விரல்!"

கழுவும் பெண் அங்கே தடவிப் பார்த்தார். "அட ஆமா! இத்தனை நாளா நானும் தேய்க்கறேன். உருக்கி ஊத்தும்போது வெண்கலம் வழிஞ்சு கட்டியாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்!"

காவலாளி ஓடி வந்து மேடையோரம் மல்லாந்து படுத்து, கைக்கு அடியில் பார்த்தார். அவர் தொப்பி உருண்டு போனது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே கிடந்தார்.

"வெறும் தண்ணியிலதான் கையை நீட்டறார்னு நெனச்சுட்டு இருந்தோம்" என்றார் மெதுவாக.

"இல்ல அங்கிள்" என்றான் வாலு. "கண்டுபிடிச்சுட்டார். குழந்தை அவரை விடவே இல்லை."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா தன் காரியத்தில் கண்ணாக, "சரி, படம் எடுக்கலாமா?" என்றார். ஆனால் அவர் குரலும் கரகரத்தது.

"எடுக்கலாம். ஆனா இன்னிக்கு நான்தான் சொல்லுவேன்" என்று வாலு இறங்கி வந்தான். "அப்பா, செருப்பைக் கழட்டுங்க. முழங்காலை ஊனுங்க. கட்டை விரலை அழுத்துங்க. வாயைத் திறங்க. கையை நீட்டுங்க... வா... வா... லெஃப்ட்ல ஒடி... போதும், நிறுத்து!"

அப்பா சொன்னபடியெல்லாம் செய்தார். எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீ எங்கடா நிக்கப் போறே?" என்று கேட்டேன்.

"நான் நிக்கப் போறதில்லை. இந்தச் சிலைக்கு ஒரு ஆள் பத்தாது" என்று சொல்லிவிட்டு, வாலு அப்பாவின் கைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். அடியிலிருந்து அவர் மணிக்கட்டை நாலு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். காவலாளி படம் எடுத்தார். எடுத்து முடித்த பிறகும் அப்பா கையை எடுக்கவில்லை.

"அப்பா" என்றான் வாலு கீழேயிருந்து. "அடுத்த லீவுக்கு நல்லா அழுக்கான சிலையாப் பாத்து வைங்க!"