நீக்கப்பட்டவை: பதினொன்று

ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை. காரைக்காலின் அந்தத் தனியார் மருத்துவமனைக்குள் குடையை உதறியபடி நுழைந்த நித்யஸ்ரீ, நேராகப் பழைய கட்டடத்துக்குப் போனாள். அவள் வேலை பார்க்கும் ஆவண அறை அங்கேதான் இருந்தது. முன்பு பிரசவ வார்டு. கட்டில்களை அகற்றிவிட்டுக் கணினிகளைப் போட்டிருந்தார்கள். சுவரில் படுக்கை எண்கள் மட்டும் அழியாமல் நின்றன.

நிர்வாகி தெட்சிணாமூர்த்தி அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தார்.

"சுரக்குடி அல்லி. போன மாசம் பிரசவத்துல செத்துப்போச்சே, அந்தப் பொண்ணு. வியாழக்கிழமை விசாரணைக்கு வர்றாங்கம்மா. பேரைத் தேடுனா ஒண்ணும் வரக்கூடாது."

"சார், அவங்க வீட்டுக்காரரு தினம் வாசல்ல வந்து நிக்கிறாரு. ஃபைலைக் குடுங்கன்னு..."

"அதுக்குத்தான் சொல்றேன். ஒனக்கு வேலை நிரந்தரமாவணுமா, வேண்டாமா?"

காகிதக் கோப்பு ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. மிச்சம் கணினியில் இருந்தது. அதிலுள்ள ஏஐ ஏஜென்டிடம் தமிழில் அடித்துச் சொன்னால் போதும். ஆவணத்தைத் தேடித் தரும், சேர்க்கும், நீக்கும். நித்யஸ்ரீ அல்லியின் பெயரை அடித்து, நீக்கச் சொன்னாள். திரையில் பதில் வந்தது.

'அல்லி, சுரக்குடி. பதினோரு ஆவணங்கள். இறப்புக் குறிப்பும் இதில் அடக்கம். நீக்கினால் மீட்க முடியாது. நீக்கட்டுமா?'

நீக்குவதற்கு முன் ஒன்றைத் திறந்து படித்தாள். செவிலியர் எழுதிய குறிப்பு.

'பகல் 2.10. ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. 2.40. மறுபடி செய்தேன். 3.05. ஏற்றுவதற்கு ரத்தம் இன்னும் வரவில்லை. குளிர்கிறது என்கிறார். 3.30. உயிர் பிரிந்தது.'

தற்காலிக வேலையில் அவளுக்கு மூன்றாவது வருடம். 'ஆம்' என்று அடித்தாள்.

'நீக்கப்பட்டவை: பதினொன்று.'

சரிபார்க்கப் பெயரைத் தேடினாள். வெறும் திரை வரவேண்டும்.

ஓர் ஆவணம் வந்தது.

'பகல் 3.31. நோயாளி கண் விழித்தார்.'

நித்யஸ்ரீ அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அதையும் நீக்கினாள். மறுபடி தேடினாள். இப்போது இரண்டு.

'3.40. ரத்தப்போக்கு நிற்கவில்லை.'

'3.55. பக்கத்தில் மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் தண்ணீர் கேட்கிறார்.'

அறையில் டெட்டால் வாடை எழுந்தது. அதற்கடியில் பச்சை ரத்தத்தின் கவிச்சி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

'யார் எழுதுவது?' என்று கேட்டாள்.

'பணியில் உள்ள செவிலியர். பெயர் பதிவாகவில்லை.'

'அல்லி இறந்துவிட்டாள்.'

'இறந்ததற்கான ஆவணம் இல்லை. சிகிச்சை தொடர்கிறது.'

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண்ணின் சாவையும் சேர்த்து அழித்திருக்கிறாள். இறப்பு நேரம் 3.30 என்று சேர்க்கச் சொன்னாள்.

'ஆதாரம் இல்லாமல் சேர்க்க இயலாது.'

காதருகே யாரோ மூச்சிழுத்தார்கள்.

அறையைப் பூட்டிவிட்டு நிர்வாகியிடம் ஓடினாள். தெட்சிணாமூர்த்தி தன் கணினியில் தேடிப் பார்த்தார். "சுத்தமா இருக்கேம்மா. பயந்துட்டியா?" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். நிர்வாகியின் கணினியிலேயே பெயரைத் தேடினார்கள், ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், பஜ்ஜியும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலையே நித்யஸ்ரீக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதை வாங்கும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மேசையை வேறு கட்டடத்துக்கு மாற்றித் தரும்படி எழுதிய கடிதத்துடன் அவள் பூட்டிய அறை வாசலில் நின்றாள். தாழ்வாரத்தில் அல்லியின் கணவன் முத்தையன் ஓட்டமும் நடையுமாக வந்தான். ஒரு மாதத் தாடியை மழித்திருந்தான். மழையில் முழுக்க நனைந்திருந்தான்.

"அம்மா, இது ஒங்க ஆஸ்பத்திரி நம்பர்தானுங்களே?" என்று போனை நீட்டினான்.

'அல்லி. பிரசவ வார்டு. ரத்தம் தேவை. உடனே வரவும்.'

"எங்கையாலதாங்க கொள்ளி வச்சேன். பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. ஆனாலும் வராம இருக்க முடியலங்க." சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தான். "எனக்கும் அதே குரூப்புதாங்க. அன்னைக்கே எடுத்துக்குங்க, எடுத்துக்குங்கன்னு கெஞ்சுனேன். ஒருத்தரும் காதுல வாங்கல."

அவன் தினம் வந்து கேட்ட கோப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க நித்யஸ்ரீயிடம் ஒரு தாள்கூட மிச்சமில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், நான்கு நாளாகத் திறக்காத அறைக்குள்ளிருந்து, களைத்துப்போன பெண்குரல் ஒன்று கேட்டது.

"வந்துட்டீங்களா?"