லைன்ல மாட்டிக்கினேன்

காலை ஆறு மணி. புளியமரத்தடியில் சடையன் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, உயிர் இல்லை.

பிணத்தை எடுப்பதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. முதல் நாள்தான் அந்த மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று அப்பனுக்கும் மகன் கோகுல்ராஜுக்கும் வாய்ச்சண்டை. ஆகவே மரத்திலிருந்து தள்ளிவிட்டது மகன்தானாம். பக்கத்துக் கொல்லையில் பயிர் வைத்திருக்கும் வெற்றிச்செல்வன் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான். அந்த அழுகைக்கு நடுவிலும் கோகுல்ராஜைக் கைகாட்ட அவன் மறக்கவில்லை. ஜவ்வாது மலையில் பனி விலகும் முன்பே பையனை ஜீப்பில் ஏற்றியாயிற்று.

சப்-இன்ஸ்பெக்டர் ரேணுகாதேவி பிணத்தின் பக்கத்தில் குந்தினார். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, குறுக்காக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

"மரம் ஏறினதுல தேஞ்ச சிராய்ப்பு மேடம்," என்றார் ஏட்டு சக்திவேல்.

ரேணுகாதேவி எழுந்து, சடையனின் மனைவி பச்சையம்மாவிடம் போனார்.

"கடைசியா எப்பம்மா பேசுனாரு?"

"நேத்து பொழுது போன நேரம்மா. கரண்டு போய் இருட்டா இருந்துது. போன் பண்ணி, 'லைன்ல மாட்டிக்கினேன்'னாரு. ரேசன் கடைக்குத்தானே போனாரு, லைன்ல நிக்கிறாருன்னு நெனச்சேன். 'நிதானமா வாங்கினு வாய்யா'ன்னேன். அதுக்குள்ள பல்பு எரிஞ்சுது, போன் கட்டாயிடுச்சு."

"அப்புறம் வரலயே, தேடலயா?"

"கோகுலு ராத்திரியெல்லாம் ரேசன் கடை ரோட்டுலயே தேடினு இருந்தான். அவனத்தான் புட்ச்சிக்கினு போறீங்க. ஒரே நாள்ல ரெண்டு பேரையும் எடுத்துக்கினா நான் யாருகிட்ட போவேன்?"

அந்தக் கேள்வி ரேணுகாதேவியைச் சுட்டது. நேரே ரேஷன் கடைக்குப் போனார். அங்கே எடை போடும் ரஞ்சிதம் கையை விரித்தாள்.

"லைனா? நேத்து ஈ காக்கா இல்லீங்க. வெரல் வெச்சாரு, அரிசி வாங்கினாரு, பைய தலைமேல வெச்சிக்கினு வெயில் இருக்கவே போய்ட்டாரு."

"அப்ப லைன் பஸ்ஸ சொல்லியிருப்பாரு மேடம்," என்றார் சக்திவேல். "கூட்டத்துல மாட்டினு இருப்பாரு."

"நடந்து போற தூரத்துக்கு பஸ் எதுக்கு?"

"அப்ப போன் லைனு. இந்த மலையில டவர் எங்க ஒழுங்கா கெடைக்குது?"

"போன் லைன்ல மாட்டிக்கினேன்னு யாராவது போன் பண்ணிச் சொல்வாங்களா?"



திரும்பி வந்தபோது வெற்றிச்செல்வன் பிணத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தான். ரேணுகாதேவி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சடையன் கடைசியா 'லைன்ல மாட்டிக்கினேன்'னு சொன்னாராம். உங்களுக்கு எதாவது புரியுதா?"

வெற்றிச்செல்வனின் கை நின்றது. "எங்க கொல்லில ஏதுங்க மேடம் கரண்டு? ஆயில் இன்ஜின் வெச்சித்தானே மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி உடறேன்."

"நான் கரண்டுன்னு சொல்லவே இல்லயே."

ரேணுகாதேவி அவன் எதிரே வந்து நின்றார்.

"அவர் பொண்டாட்டிக்கு லைன்னா ரேஷன் கடை. ஏட்டுக்கு பஸ்ஸு, போனு. உங்க ஒருத்தருக்குத்தான் அது கரண்டு கம்பி. உங்க கொல்லிமேல போற லைன்ல கொக்கி போட்டு, பயிருக்குப் பன்னி வராம இருக்கக் கம்பி கட்டினீங்க. அரிசியோட குறுக்கு வழியில வந்தவரு அதுல கால் விட்டாரு."

"இல்லீங்க..."

"மரத்துல தேஞ்சா கோடு நெடுக்கா விழும். இவரு கால்ல குறுக்கா இருக்கு. அரிசிப் பை மரத்தடியில இல்ல. சக்திவேல், இன்ஜின் ரூமத் தொறங்க."

பை அங்கேதான் இருந்தது, சுருட்டிய கம்பிக்குக் கீழே. ஓர் ஓரம் கருகியிருந்தது.

வெற்றிச்செல்வன் மாலையைக் கீழே போட்டான். "பன்னிக்குத்தாங்க கட்டினேன். விடியக்காலம் வந்து பாத்தா அண்ணன் கெடக்குறாரு. பயந்து போய் மரத்தடிக்கு இழுத்துனு வந்துட்டேன்."

"பயத்துல செஞ்சது அது. பையன மாட்டிவிட்டது?"

ஜீப்பிலிருந்து கோகுல்ராஜ் இறங்க, அதே இடத்தில் வெற்றிச்செல்வன் ஏறினான்.

பச்சையம்மா மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரேணுகாதேவியிடம் வந்தாள்.

"கம்பியில மாட்டினவரு எப்படிம்மா போன் பண்ணாரு?"

ரேணுகாதேவி இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தார். பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தார்.

"கரண்டு போன நேரத்துலம்மா. அடிச்ச அடியில எழுந்திருக்க முடியல, கால்ல கம்பி சுத்தினு இருந்துருக்கு. அதான் உங்களக் கூப்பிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் கரண்டு வந்துடுச்சு."

பச்சையம்மா வீட்டுக்குள் தொங்கிய பல்பைப் பார்த்தாள். பகலில் அது எரியாமல் இருந்தது.

"அது எரிஞ்சதும், அப்பாடா வெளிச்சம் வந்துச்சேன்னு நான் சந்தோசப்பட்டேம்மா."